நாய், பூனை, ஆட்டுக்குக் கால் முறிந்தால்: சிறு துளை வழி அறுவை சிகிச்சையும் எலும்பு கூடாத சிக்கல்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சேலத்தில் பைபாஸ் ரோட்டில் அடிபட்டு வரும் தெருநாய், மொட்டை மாடியிலிருந்து விழுந்த பூனை, சேர்வராயன் மலையில் காட்டெருமை முட்டித் தள்ளிய எஸ்டேட் நாய், கட்டுத்தறியில் கால் மாட்டிக்கொண்ட ஆட்டுக்குட்டி என்று எலும்பு முறிவுக்குக் குறைவே இல்லை. இவற்றை வளர்ப்பவர்கள் சிகிச்சை அறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு கால்நடை அறுவை மருத்துவராக என் பதில்கள் இவை.

வண்டி அடிச்சுட்டுப் போயிருச்சு, பின்னங்கால் தொங்குது. முதல்ல என்ன பண்றது?

காலை விட்டுவிட்டு மூச்சைப் பாருங்கள். வண்டி மோதிய நாய்க்கு நுரையீரலில் ரத்தம் கட்டியிருக்கலாம், நெஞ்சுக்கூட்டில் காற்று புகுந்திருக்கலாம், மூத்திரப்பை கிழிந்திருக்கலாம். உயிரை எடுப்பது இவைதான். ஈறு வெளுத்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, அடிபட்ட பிறகு சிறுநீர் போனதா என்று கவனித்து வந்து சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். முறிந்த கால் ஓரிரு நாள் காத்திருக்கும். "இன்னைக்கே ஆபரேஷன் பண்ணுங்க டாக்டர்" என்று கெஞ்சுபவர்களிடம் நான் மறுப்பது இதனால்தான்.

வலியில் இருக்கும் நாய், வளர்த்தவர் கையையும் கடிக்கும். மூச்சுத் திணறலும் வாந்தியும் இல்லையென்றால் ஒரு துணிப்பட்டையால் வாயைக் கட்டிவிட்டுத் தூக்குங்கள். தெருநாய் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு ரேபீஸ் ஊசிக்குப் போய்விடுங்கள். நாயை ஒரு பலகையிலோ, இருவர் இழுத்துப் பிடித்த போர்வையிலோ கிடத்திக் கொண்டுவரலாம்.

எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சலைன் இருந்தால் ஊற்றிக் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். மஞ்சள் தூள், காபித் தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். அதையெல்லாம் சுரண்டி எடுப்பதே பிறகு தனி அறுவை சிகிச்சையாகிவிடுகிறது.

வலிக்கு வீட்டில் இருக்கும் மாத்திரை கொடுக்கலாமா?

கூடாது. பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் இரண்டும் நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். (டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததால்தான் 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள்.) வலிக்கு நாங்கள் பெரும்பாலும் மெலாக்சிகாம் தருகிறோம். அதையும் எடை பார்த்து, சொன்ன நாட்களுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும்.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக் கொண்டுவரலாமா?

முழங்காலுக்கோ முழங்கைக்கோ கீழே முறிந்திருந்தால் கட்டலாம். முறிவுக்கு மேல் உள்ள மூட்டும் கீழ் உள்ள மூட்டும் கட்டுக்குள் அடங்க வேண்டும், அதுதான் விதி. தொடையிலோ மேற்கையிலோ முறிவு என்றால் கட்டவே கூடாது. இடுப்பையும் தோளையும் வீட்டுக் கட்டால் பிடித்து நிறுத்த முடியாது என்பதால், கட்டின் எடை முழுக்க முறிந்த இடத்தில் தொங்கி எலும்பு நுனியைத் தசைக்குள் குத்தவைக்கும்.

கட்டினால் நடு விரல்கள் இரண்டும் வெளியே தெரியட்டும். அவை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். இரண்டும் விலகிப் பருத்தாலோ, சில்லிட்டாலோ, கெட்ட வாடை வந்தாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம், உடனே அவிழ்க்க வேண்டும். முறிவைவிடக் கட்டின் இறுக்கத்தால் அழுகிப்போய் எடுக்க வேண்டிவந்த கால்கள் உண்டு.

சிறு துளை வழி அறுவை சிகிச்சை என்றால் என்ன? லேசரா?

லேசர் இல்லை. பழைய முறையில் முறிந்த இடத்தை நீளமாகத் திறந்து, தசையை விலக்கி, துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்து, மேலே பிளேட் வைத்து ஸ்க்ரூ போடுவோம். இதில் முறிந்த இடத்தைத் திறப்பதே இல்லை.

கீழ்க்கால் எலும்பு நாலைந்து துண்டாக நொறுங்கிய நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் அதன் நல்ல காலை எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படத்தின் மேலேயே பிளேட்டை வைத்து வளைத்துத் தயார் செய்துகொள்கிறோம். மயக்கம் கொடுத்தபின் முழங்காலுக்கு அருகில் ஒரு சிறு வெட்டு, கணுக்காலுக்கு அருகில் இன்னொன்று. மேல் வெட்டு வழியாக மழுங்கிய முனையுள்ள கருவியை எலும்பின் மேல்சவ்வை ஒட்டியே, அதைக் கிழிக்காமல், கீழ் வெட்டு வரை நகர்த்தினால் தோலுக்கடியில் ஒரு சுரங்கம் கிடைக்கும். அதற்குள் பிளேட்டைச் செருகுகிறோம். உதவியாளர் பாதத்தைப் பிடித்து இழுக்க, கால் நீளமும் நேரும் வந்துவிட்டதா என்று சி-ஆர்ம் என்ற, அறுவையின்போதே படம் காட்டும் எக்ஸ்ரே கருவியின் திரையில் பார்த்துக்கொண்டே, மேலே இரண்டு மூன்று, கீழே இரண்டு மூன்று என்று ஸ்க்ரூ போடுகிறோம். நடுவில் உள்ள துளைகளெல்லாம் காலியாகவே இருக்கும். நொறுங்கிய துண்டுகள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். எக்ஸ்ரேயைப் பார்க்கிற வீட்டார் "என்ன டாக்டர், ஒட்டவே இல்லையே" என்று கேட்பது இங்கேதான்.

ஆமாம், ஒட்டவே வைக்காமல் எப்படிக் கூடும்?

எலும்பை ஒட்டவைப்பது டாக்டர் இல்லை, உடம்பு. முறிந்த இடத்தில் தேங்கும் ரத்தக்கட்டில்தான் புது எலும்பை உண்டாக்கும் செல்களும் அவற்றைத் தூண்டும் பொருட்களும் இருக்கின்றன. திறந்து சுத்தம் செய்கிறேன் என்று அதைத் துடைத்து எடுத்தால் விதைநெல்லை வாரிக் கொட்டியதற்குச் சமம். ஒவ்வொரு துண்டும் சுற்றியுள்ள தசையிலிருந்து கொஞ்சம் ரத்தம் வாங்கிக்கொண்டு உயிரோடு இருக்கிறது. தசையை உரித்தால் அது செத்த எலும்பு.

இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த பெர்ரன் என்ற ஆய்வாளர் சொன்னது அது. இடைவெளி எவ்வளவு, அதில் அசைவு எவ்வளவு என்ற விகிதம்தான் அங்கே எந்தத் திசு வளரும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 2 சதவீதத்துக்குள் இருந்தால் நேரடியாக எலும்பு வரும், 10 சதவீதம் வரை குருத்தெலும்பு தாங்கும், அதற்கு மேல் 100 சதவீதம் வரை பிஞ்சுச் சதை மட்டுமே பிழைக்கும். 1 மில்லிமீட்டர் விரிசல் 1 மில்லிமீட்டர் அசைந்தால் அது 100 சதவீதம். அதே அசைவு 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு நொறுங்கிய இடத்தில் பரவினால் 5 சதவீதம்தான். அதனால்தான் பார்க்கப் பயங்கரமாக நொறுங்கிய எலும்பு லேசான அசைவோடு காலஸ் என்கிற புது எலும்புத் திரட்சியைப் போட்டுக் கூடிவிடுகிறது. ஒரே கோடாக முறிந்த 'சின்ன' முறிவு, அரைகுறையாகப் பிடித்தால் கூடாமல் இழுத்தடிக்கிறது.

அப்படியானால் எல்லா முறிவுக்கும் இதையே செய்யலாமே?

செய்யக் கூடாது. மூட்டுக்குள் போகும் முறிவைத் திறந்துதான் ஆக வேண்டும். குருத்தெலும்புப் பரப்பு மயிரிழை பிசகாமல் சேராவிட்டால் மூட்டு தேய்ந்துவிடும். ஒரே கோடான குறுக்கு முறிவு பலவற்றுக்கும் மேலே சொன்ன கணக்குப்படி இறுக்கிச் சேர்த்துப் பிளேட் போடுவதே நல்லது. முறிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் தசை சுருங்கிக் கால் குட்டையாகிவிடும், வெளியிலிருந்து இழுத்து நேராக்க முடியாது. தாமதமாக வருபவர்களுக்கு இந்த வாய்ப்பை நாங்கள் மறுப்பதற்கு அதுதான் காரணம்.

மிகப் பொருத்தமானது கீழ்க்காலிலும் முன்னங்கையிலும் தண்டுப்பகுதி நொறுங்கிய முறிவு. தொடையிலும் செய்யலாம், ஆனால் அங்கே தசை அதிகம் என்பதால் நேராக்குவது சிரமம். மஜ்ஜைக் குழிக்குள் அதன் அகலத்தில் 35 முதல் 40 சதவீதத்தை அடைக்கிற கம்பி ஒன்றைச் செருகிவிட்டுப் பிளேட் வைத்தால் நீளமும் கிடைக்கும், பிளேட்டின் சுமையும் குறையும்.

திறந்து செய்வதைவிட இதில் சீக்கிரம் கூடுமா?

விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. நாய்களில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் காலஸ் சீக்கிரம் வந்திருக்கிறது, சிலவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. முறிந்த இடத்தின் ரத்த ஓட்டம் பிழைப்பதும் சதைச் சேதம் குறைவதும்தான் இதன் நிச்சயமான லாபம். சி-ஆர்ம் இல்லாத இடத்தில், பழக்கமில்லாத கையால் சிறு துளை வழி செய்வதைவிட, நன்கு பழகிய கை கொஞ்சம் திறந்து, துண்டுகளைத் தொடாமல் பிளேட் போடுவது மேல்.

எங்க பொமரேனியன் சோபாவிலிருந்து குதிச்சு முன்னங்கால் ஒடிஞ்சிருச்சு. சின்ன நாய்தானே, மாவுக்கட்டு போதாதா?

போதாது. இதை மட்டும் நான் பிடிவாதமாகச் சொல்வேன். பொமரேனியன், டாய் பூடில், மினியேச்சர் பின்ஷர் போன்ற குட்டை இனங்களில் முன்னங்கை மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒடியும். அந்த இடத்தில் எலும்பு தீக்குச்சிக் கனம்தான், தசையே கிடையாது. பெரிய நாய்களோடு ஒப்பிட்டால் அங்கே ரத்தக் குழாய்களும் குறைவு. மாவுக்கட்டுக்குள் எலும்பு ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தால் முனைகள் கூராகத் தேய்ந்து, நடுவில் ரப்பர் மாதிரி வளையும். கூடாத எலும்பு என்று எங்களிடம் வருபவற்றில் இந்தக் கதைதான் அதிகம்.

இவற்றுக்கு ஆரம்பத்திலேயே சின்ன பிளேட் போட வேண்டும். அளவுக்கு மீறித் தடித்த பிளேட் போட்டாலும் வம்பு. சுமையை முழுக்க அதுவே தாங்கிக்கொள்ள, அடியிலிருக்கும் எலும்பு வேலையில்லாமல் மெலிந்துவிடும்.

குட்டிக்கு மூணு மாசம், விழவே இல்லை, கால் வளைஞ்சு ஒடிஞ்சிருக்கு. கால்சியம் டானிக் வாங்கட்டுமா?

என்ன சாப்பாடு என்று முதலில் சொல்லுங்கள். வெறும் பால் சோறோ, எலும்பில்லாத கறியும் சோறுமோ தின்று வளரும் குட்டியின் உணவில் பாஸ்பரஸ் கூடி, கால்சியம் குறைந்து, உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உறிஞ்சிவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு கண்ணாடி மாதிரி மங்கலாகத் தெரியும். அதில் ஸ்க்ரூ பிடிக்காது, அறுவை சிகிச்சையே பயனில்லை. சரிவிகிதக் குட்டி உணவுக்கு மாற்றி, கூண்டில் அமைதியாக வைத்தால் பல குட்டிகள் சில வாரத்தில் தேறிவிடும். நல்ல உணவு தின்னும் ராட்வீலர், கிரேட் டேன் குட்டிக்குக் கால்சியத்தைக் கூடுதலாக ஊற்றினால் நேர் எதிராக எலும்பு வளர்ச்சியே கெடும்.

எத்தனை நாளில் கூடும்?

மூன்று மாதத்துக்கும் குறைவான குட்டிக்கு மூன்று, நான்கு வாரத்தில் கூடிவிடும். வளர்ந்த நாய்க்கு இரண்டு மூன்று மாதம். வயதானது, திறந்த காயமுள்ளது, நிறைய நொறுங்கியது என்றால் இன்னும் நாளாகும். அறுவை முடிந்த உடனே ஒரு எக்ஸ்ரே, பிறகு நாலு வாரத்துக்கு ஒரு முறை. குட்டிகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. கால் ஊன்றி நடக்கிறதே என்று எக்ஸ்ரேயைத் தவிர்க்காதீர்கள். நடப்பது பிளேட்டின் பலத்தில்.

மூணு மாசம் ஆச்சு, கூடலைங்கறாங்க. இனி அவ்வளவுதானா?

அந்த எலும்புக்கு உயிர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மருத்துவத்தில் வெபர், செக் என்ற இருவர் 1976-ல் வெளியிட்ட பாகுபாட்டையே இன்றும் பயன்படுத்துகிறோம். எக்ஸ்ரேயில் இரு முனையிலும் புது எலும்பு யானைக் காலடி போலப் பருத்து, நடுவில் மட்டும் கறுப்புக் கோடு தெரிந்தால், உயிர் இருக்கிறது, பிடிமானம்தான் போதவில்லை. உறுதியான பிளேட் போட்டு இறுக்கினால் பெரும்பாலும் கூடிவிடும்.

முனைகள் கூராகி, புது எலும்பே இல்லாமல், மஜ்ஜைக் குழியும் மூடியிருந்தால் அது உயிரற்ற வகை. அங்கே பிளேட்டை மாற்றினால் மட்டும் போதாது. செத்த முனைகளை ரத்தம் கசியும்வரை செதுக்கி எடுத்து, தோள்பட்டைக்கு அருகிலோ இடுப்பிலோ இருந்து நுண்துளை எலும்பைச் சுரண்டி நிரப்ப வேண்டும். குட்டை நாய்களின் முன்னங்கையில் வருவது பெரும்பாலும் இந்த வகை. பூனைகளில் எலும்பு கூடாமல் போவது கீழ்க்காலிலும் முழங்கைக்கு அருகிலும்தான் அதிகம்.

கூடாமல் போவதற்கும் மெதுவாகக் கூடுவதற்கும் வித்தியாசம் உண்டு. ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் கொஞ்சமாவது முன்னேற்றம் தெரிந்தால், பொறுமையாகக் காத்திருக்கலாம். இரண்டும் அச்சு அசலாக ஒன்றே என்றால் காத்திருப்பது வீண்.

பிளேட்டே ஒடிஞ்சிருச்சு. மட்டமான ஸ்டீல் போட்டுட்டாங்களா?

உருக்காலை இருக்கும் ஊரில் இந்தச் சந்தேகம் வராமல் இருக்குமா! மருத்துவப் பிளேட்டுகள் பெரும்பாலும் 316எல் ரகத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது டைட்டானியம். உலோகம் மட்டமாக இருப்பது அபூர்வம். எலும்பு கூடுவது தாமதமானால் ஒவ்வொரு அடிக்கும் பிளேட் கொஞ்சம் வளைந்து நிமிர்ந்து, லட்சக்கணக்கான அடிகளுக்குப் பிறகு உலோகம் சோர்ந்து ஒரு காலித் துளையின் ஓரத்தில் விரிசல் விடும். பிளேட் ஒடிந்தது என்றால் எலும்பு ஏன் கூடவில்லை என்றுதான் தேட வேண்டும்: கிருமியா, தளர்ச்சியா, அல்லது பத்தாம் நாளே மாடிப்படி ஏறவிட்டதா?

தையல் ஆறிருச்சு, ஆனா ஓட்டை விழுந்து சீழ் கசியுது.

உலோகத்தின் மேல் கிருமிகள் ஒரு படலம் போட்டுக்கொண்டு அதற்குள் பதுங்கிவிட்டால் ஆன்டிபயாடிக் உள்ளே போகாது. நாய்களில் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் இனக் கிருமிதான். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை மாற்றி மாற்றி வாங்குவதை நிறுத்துங்கள். ஆழத்திலிருந்து சீழ் எடுத்து, அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்துதான் மருந்து தர வேண்டும். பிளேட் உறுதியாக இருந்தால் சீழ் இருந்தாலும் எலும்பு கூடும், அதுவரை பிளேட்டை எடுக்க மாட்டோம். கூடியபின் எடுத்துவிட்டால் பெரும்பாலும் கசிவு நின்றுவிடும்.

கூடிருச்சு, ஆனா பாதம் வெளிப்பக்கமா திரும்பியிருக்கு.

திறக்காமல் செய்யும் முறையின் முக்கியப் பலவீனம் இதுதான். துண்டுகளைக் கண்ணால் பார்க்காததால் எலும்பு முறுக்கியபடி நின்றுவிடலாம். மேசையிலேயே முழங்காலையும் கணுக்காலையும் மடக்கி, இரண்டும் ஒரே தளத்தில் மடிகிறதா என்று பார்த்து, நல்ல காலோடு ஒப்பிட வேண்டும். லேசான திரும்பல் நடைக்குத் தொந்தரவு தராது. மூட்டுகளுக்குச் சிரமம் தருகிற அளவுக்கு இருந்தால் எலும்பை மறுபடி வெட்டி நேராக்க வேண்டியிருக்கும்.

குட்டியின் கால் கட்டை மாதிரி விறைச்சு மடங்கவே மாட்டேங்குது.

தொடை முறிந்த குட்டியை நீட்டிய நிலையில் வாரக்கணக்கில் கட்டிவைத்தால் முன்தொடைத் தசை எலும்போடு ஒட்டிக்கொள்ளும். முற்றிய பிறகு சரிசெய்வது ஏறக்குறைய நடவாத காரியம். வராமல் தடுப்பதுதான் ஒரே வழி: நிலையாகப் பிடித்து, முதல் வாரத்திலிருந்தே முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டி, ஊன்றி நடக்கவிட வேண்டும்.

ஆட்டுக்கு இவ்வளவு செலவு யாரால முடியும்? நாட்டு வைத்தியர் கட்டறாரே?

ஆட்டுக்குக் கட்டே நல்ல வைத்தியம், அதில் எனக்குச் சண்டையில்லை. மேச்சேரி ஆடோ சேலம் கருப்போ, முழங்காலுக்குக் கீழே மூடிய முறிவு என்றால் பஞ்சு சுற்றி, மூங்கில் பத்தை அல்லது மாவுக்கட்டு போட்டால் குட்டிகளுக்கு மூன்று நாலு வாரத்தில் கூடிவிடும். நாட்டு வைத்தியர் பலரிடம் நேராக்கும் கைப்பழக்கம் அருமையாக இருக்கும். பஞ்சு வைக்காமல் இறுக்குவதும், புண்ணுக்கு மேலேயே பச்சிலை வைத்து மூடுவதும்தான் கெடுக்கின்றன. தொடை முறிவும் திறந்த காயமும் அவர் வேலை இல்லை.

கன்றுக்குட்டிக்கு, குறிப்பாகப் பிரசவத்தில் கயிறு கட்டி இழுத்ததில் முன்னங்கால் முறிந்திருந்தால், ஃபைபர் கட்டு நன்றாக வேலை செய்யும். கறவை மாட்டுக்குத் தொடை எலும்பு போனால் நம்பிக்கை குறைவு.

அறுவைக்குப் பிறகு வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது?

ஆறு முதல் எட்டு வாரம் கூண்டு அல்லது சின்ன அறை. மூத்திரம் போக மட்டும் சங்கிலியில் வெளியே. டைல்ஸ் தரையில் கோணிச் சாக்கு விரித்துவிடுங்கள், வழுக்கினால் ஸ்க்ரூ பிடுங்கிக்கொள்ளும். ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவிலும் நாயைப் பின்சீட்டில் சும்மா விட்டுவிடாமல், பெட்டியில் வைத்து இறக்குங்கள். காபித் தோட்டச் சரிவில் நடக்கவிடுவதைக் கடைசி எக்ஸ்ரே வரை தள்ளிப்போடுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்ப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: ஒரு பூனை குறுக்கே ஓடினால் போதும், உங்கள் நாய் அறுவையையெல்லாம் மறந்துவிடும்.

பிளேட்டை எடுக்கணுமா?

தொந்தரவு இல்லையென்றால் வேண்டாம். சீழ், தளர்ந்த ஸ்க்ரூ, வளரும் குட்டி, பிளேட்டுக்கடியில் எலும்பு மெலிவது இருந்தால் எடுப்போம். எடுத்த பிறகும் சில வாரம் அடக்கித்தான் வைக்க வேண்டும். காலித் துளைகளில் மறுபடி ஒடிய வாய்ப்புண்டு.

எங்கே போவது? என்ன கேட்பது?

சேலத்திலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான், 1985 முதல் இயங்குகிறது. நம் மாவட்டத்திலேயே தலைவாசலில் கல்லூரி வந்திருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. நகரத்தில் தனியார் மருத்துவர்களும் செய்கிறார்கள். வீட்டிலிருந்து நகர்த்த முடியாத ஆடு மாட்டுக்கு 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள்.

கிளம்பும் முன் போன் செய்து சி-ஆர்ம் இருக்கிறதா, அந்த வாரம் எலும்பு அறுவை மருத்துவர் இருப்பாரா என்று கேளுங்கள். மருத்துவரிடம் இரண்டைக் கேட்கலாம்: "இந்த முறிவுக்குத் திறப்பது நல்லதா, திறக்காமல் செய்வது நல்லதா, ஏன்?", "கூடாவிட்டால் அடுத்த வழி என்ன, அதற்கு எவ்வளவு ஆகும்?" இரண்டாவதற்கான பணமும் கையில் இல்லையென்றால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்போது வேறு வழி பேசலாம். காலை எடுத்துவிடுவதும் அந்த வழிகளில் ஒன்று. மூன்று காலில் பெரும்பாலான நாய்களும் பூனைகளும் ஓடியாடி வாழ்கின்றன. எடை கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.